குடியிருந்தும் குடியிராதவர்: வெளிநாட்டு ஆய்வாளரும் கடன் அட்டையும்

நடுவண் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் விடுதிகளில் ஆண்டுக்குச் சில முறையேனும் காணக்கூடிய காட்சி இது. இரவு பதினொரு மணி. எத்தியோப்பியாவிலிருந்து வந்து நான்காம் ஆண்டில் இருக்கும் ஆய்வாளர் ஒருவர் அறை அறையாகக் கதவைத் தட்டிக்கொண்டு போகிறார். அவருடைய கட்டுரை ஐரோப்பிய மாநாடு ஒன்றில் ஏற்கப்பட்டிருக்கிறது. பதிவுக் கட்டணத்தை யூரோவில் செலுத்த வேண்டும். கடைசி நாள் அன்று. அந்தத் தொகைக்கு மேலாகவே அவருடைய வங்கிக் கணக்கில் பணம் இருக்கிறது. ஆனால் கையில் உள்ள பற்று அட்டை இந்திய எல்லைக்குள் மட்டுமே செல்லும். கடன் அட்டைக்கு, அதாவது கிரெடிட் கார்டுக்கு, இரண்டு முறை விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. 'உங்கள் அட்டையில் கட்டிவிடுங்கள், இப்போதே யுபிஐயில் அனுப்பிவிடுகிறேன்' என்கிறார். கதவைத் திறந்த ஐந்து பேரில் நால்வரிடம் அட்டை இல்லை. ஐந்தாமவரிடம் இருக்கிறது; அது ஊரில் இருக்கும் தந்தையின் கணக்கில் எடுத்த கூடுதல் அட்டை. ஓடிபி தந்தையின் கைப்பேசிக்குத்தான் போகும். தூங்கிக்கொண்டிருக்கும் பெரியவரை எழுப்ப வேண்டும்.

இக்காட்சியில் இரண்டு செய்திகள் உள்ளன. பணம் வைத்திருக்கும் ஒருவரால் பணம் செலுத்த முடியவில்லை என்பது ஒன்று. சொந்த நாட்டிலேயே படிக்கும் நால்வரும் அவருக்கு உதவ முடியாத நிலையில் இருக்கிறார்கள் என்பது மற்றொன்று. முதல் செய்தியை முழுமையாகப் புரிந்துகொண்டால் இரண்டாவதும் விளங்கும்.

கடன் அட்டையை ஆடம்பரமாகக் கருதும் மனப்போக்கு கல்விப் புலத்தில் இன்னும் இருக்கிறது. தேநீர்க் கடையிலிருந்து தொடர்வண்டி முன்பதிவு வரை யுபிஐ போதும் என்பது உண்மைதான். இந்திய வங்கிக் கணக்கும் இந்தியக் கைப்பேசி எண்ணும் உள்ள வெளிநாட்டு மாணவருக்கும் அது கிடைக்கிறது. ஆனால் ஆய்வு வாழ்வின் செலவுகள் எல்லைக்குள் நிற்பவை அல்ல. மாநாட்டுப் பதிவு, ஆய்வுச் சங்க உறுப்பினர் கட்டணம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கான விண்ணப்பக் கட்டணம், மொழித் தேர்வுக் கட்டணம், விசாக் கட்டணம், தங்கும் விடுதி முன்பதிவு ஆகிய யாவும் எல்லை கடந்து செல்லும் ஓர் அட்டையை எதிர்பார்க்கின்றன. முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய வாழ்வைத் தேடும் ஒருவருக்கு அந்த அட்டை ஒரு கருவி.

இந்தியா வெளிநாட்டு மாணவர்களை வருந்தி அழைக்கும் நாடு. இந்தியப் பண்பாட்டு உறவுகள் கழகம் பல பத்தாண்டுகளாக அவர்களுக்கு உதவித்தொகை வழங்கி வருகிறது. 2018இல் 'ஸ்டடி இன் இந்தியா' என்னும் திட்டத்தை நடுவண் அரசு தொடங்கியது. அகில இந்திய உயர்கல்வி ஆய்வறிக்கையின் 2021–22 கணக்குப்படி ஏறத்தாழ 47 ஆயிரம் வெளிநாட்டு மாணவர்கள் இங்கே பயின்றனர். நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் நேபாளத்தவர். அழைத்து வந்தவர்களை வங்கியின் வாசலில் எப்பெயரிட்டு அழைப்பது என்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

'குடியிருப்பவர்' என்ற ஒரு சொல்லை மூன்று இந்தியச் சட்டங்கள் கையாளும் விதத்தைப் பார்த்தால் இக்குழப்பம் தெளிவாகும். 2016ஆம் ஆண்டின் ஆதார் சட்டப்படி, விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 182 நாள்களோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தவர் குடியிருப்பவர். குடியுரிமை அங்கே தேவையில்லை. ஆதார் எண் குடியுரிமைக்குச் சான்றாகாது என்று அச்சட்டமே கூறுகிறது. 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டமும் இதே போன்று நாள்களை எண்ணியது. ஒரு நிதியாண்டில் 182 நாள்கள் இங்கே இருந்தால் அவ்வாண்டுக்கு அவர் குடியிருப்பவர். ஆக, நான்காண்டுகளாக விடுதியில் வாழும் அந்த எத்தியோப்பியர் ஆதாருக்கும் குடியிருப்பவர், வரிக்கும் குடியிருப்பவர்.

மூன்றாவது, 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம். அதுவும் 182 என்ற எண்ணிலிருந்தே தொடங்குகிறது. ஆனால் உடனே ஒரு விலக்கைச் சேர்க்கிறது. வேலைக்காகவோ தொழிலுக்காகவோ வந்தவராக இருக்க வேண்டும். அல்லது காலவரையின்றித் தங்கும் எண்ணம் உடையவர் என்பது அவருடைய சூழ்நிலையால் புலப்பட வேண்டும். இம்மூன்றிலும் அடங்காதவர் எத்தனை நாள்கள் இருந்தாலும் குடியிருப்பவர் ஆகமாட்டார். படிப்பதற்காக, காலவரை குறித்த விசாவில் வந்த மாணவர் இவ்விலக்குக்குள் விழுகிறார். ஆகவே வங்கியில் அவருக்குத் திறக்கப்படுவது என்ஆர்ஓ கணக்கு, குடியிராதவருக்குரிய கணக்கு. ஒரே மனிதர், ஒரே விடுதி அறை. ஒரு சட்டத்தின் முன் குடியிருப்பவர், மற்றொன்றின் முன் குடியிராதவர்.

எதிர்த் திசையில் நடப்பதை ஒப்பிட்டால் வேறொன்றும் தெரியவரும். படிக்க வெளிநாடு செல்லும் இந்திய மாணவரை எந்த வகையில் சேர்ப்பது என்ற கேள்வி எழுந்தபோது, அவரைக் குடியிராதவராகவே கருதலாம் என்று ரிசர்வ் வங்கி 2003 டிசம்பரில் தெளிவுபடுத்தியது. படிக்கச் சென்றவர் அங்கே ஈட்டவும் தொடர்ந்து தங்கவும் நேரலாம், அவருடைய தங்கல் காலவரையற்றது என்பது அதன் அடிப்படை. போன இந்தியர் தங்கிவிடுவார் என்று ஊகிக்கப்படுகிறார். வந்த வெளிநாட்டவர் போய்விடுவார் என்று ஊகிக்கப்படுகிறார். செலாவணி நிர்வாகத்துக்கு இரண்டு ஊகங்களும் தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் இரண்டாவது ஊகம் செலாவணிக் கணக்கின் எல்லையைத் தாண்டி, 'போகப்போகிறவரை நம்ப முடியாது' என்ற பொது முடிவாக வங்கிகளின் மேசைகளில் உறைந்துபோயிருக்கிறது. தவறு இங்கேதான் நுழைகிறது. எவ்வளவு காலம் தங்குவார் என்பது ஒரு கேள்வி. வாங்கியதைத் திருப்பித் தருவாரா என்பது வேறு கேள்வி. முதற்கேள்வியின் விடையை இரண்டாவதற்கும் எழுதிவிடுகிறார்கள்.

இரண்டாவது கேள்விக்கு விடை சொல்லவே கடன் தகவல் நிறுவனங்கள் உள்ளன. 2000இல் தொடங்கப்பட்ட சிபில் அவற்றுள் மூத்தது. 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டம் இத்துறையை நெறிப்படுத்தியது. 300 முதல் 900 வரையிலான மதிப்பெண் ஒருவர் இந்தியாவில் வாங்கிய கடனையும் திருப்பிச் செலுத்திய ஒழுங்கையும் கொண்டு அமைகிறது. சொந்த நாட்டில் ஒருவர் பத்தாண்டுகள் ஒரு தவணையும் தவறாமல் கட்டியிருந்தாலும் அந்த நற்பெயர் இந்திய எல்லையைத் தாண்டி வருவதில்லை. இங்கே அவர் மோசமான கடன்காரர் அல்லர், நல்ல கடன்காரரும் அல்லர், பதிவே இல்லாதவர். பதிவு உண்டாக வேண்டுமானால் முதலில் யாராவது கடன் தர வேண்டும்; கடன் தர வேண்டுமானால் பதிவு இருக்க வேண்டும். நீச்சல் தெரிந்த பிறகுதான் குளத்தில் இறங்கலாம் என்ற கதைதான்.

பதிவு உருவான பின்னும் பெயர் என்னும் சிக்கல் காத்திருக்கிறது. எத்தியோப்பியரின் பெயரில் குடும்பப் பெயர் கிடையாது. தம் பெயர், தந்தை பெயர், பாட்டன் பெயர் என்ற வரிசையே வழக்கம். இந்தியப் படிவங்களோ முதற்பெயர், இடைப்பெயர், கடைசிப்பெயர் என்று மூன்று கட்டங்களை வைத்துக் காத்திருக்கின்றன. பாட்டன் பெயர் ஓர் ஆவணத்தில் கடைசிப்பெயராகவும், தந்தை பெயர் மற்றோர் ஆவணத்தில் கடைசிப்பெயராகவும் ஏறினால், கணினி அவர்களை இருவராகக் கருத இடமுண்டு. இதைத் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தலைப்பெழுத்தை விரித்து எழுதச் சொல்லும் பான் அட்டைப் படிவத்தின் முன்பும், தந்தை பெயரைக் குடும்பப் பெயராக்கும் கடவுச்சீட்டின் முன்பும் தடுமாறாத தமிழ் மாணவர் அரிது. ஒரு சமூகத்தின் பெயரிடும் இலக்கணத்தை மற்றொரு சமூகத்தின் படிவம் பிழையாகப் படிக்கிறது. பிழையின் விலையைச் செலுத்துபவர் பெயருக்குரியவர்.

இவ்விடத்தில் வங்கியின் தரப்பையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். கடன் அட்டை என்பது பிணையில்லாக் கடன். விசா முடிந்தவர் நிலுவையோடு விமானம் ஏறிவிட்டால் அயல்நாட்டில் அவரைத் தேடிப் பிடித்து வசூலிக்கும் செலவு கடன் தொகையைவிடக் கூடுதலாகும். வைப்பாளர்களின் பணத்தைக் கையாளும் நிறுவனம் அந்த இடரை எண்ணிப் பார்ப்பது கடமையே. ஆனால் இந்த அச்சத்துக்கு ஏற்ற மருந்து மறுப்பு ஒன்றுதானா என்பதே கேள்வி.

நம்பிக்கையை அளந்து கொடுக்க இந்திய விதிமுறைகளுக்கே தெரியும் என்பதற்கு வெளிநாட்டு மாணவரின் என்ஆர்ஓ கணக்கே சான்று. கடவுச்சீட்டு, விசா, சேர்க்கைக் கடிதம் ஆகியவற்றைக் கொண்டு கணக்கைத் திறக்கலாம். உள்ளூர் முகவரிச் சான்றை 30 நாள்களுக்குள் தந்தால் போதும் என்று ரிசர்வ் வங்கியின் விதிமுறை வகுத்தது. முகவரி சரிபார்க்கப்படும் வரை வெளிநாட்டிலிருந்து 1,000 டாலருக்கு மேல் வரக் கூடாது, மாதம் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது. முன்பின் அறியாதவர் ஒருவரை முற்றிலும் நம்பவும் இல்லை, முற்றிலும் விலக்கவும் இல்லை. ஒரு படி ஏற்றி நிறுத்தி, அடுத்த படிக்கு வழி காட்டுகிறது. வெகு இயல்பான ஏற்பாடு. இதே படிமுறை கடன் அட்டைக்கு ஏன் கூடாது?

அதற்கான கருவியும் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியதன்று. நிலை வைப்பின் பேரில் கடன் அட்டை தரும் வழக்கம் இந்திய வங்கிகளில் ஏற்கெனவே உண்டு. ஐம்பதாயிரம் ரூபாயை வைப்பாக வைத்தவருக்கு அதற்குள் அடங்கும் கடன் வரம்போடு அட்டை வழங்கினால், அவர் நாளையே விமானம் ஏறினாலும் வங்கி இழப்பதற்கு ஏதுமில்லை. அட்டையின் காலத்தை விசாவின் காலத்தோடு கட்டிவிடலாம். விசா நீட்டிக்கப்பட்டால் அட்டையும் நீளும்.

அமெரிக்கா செல்லும் தமிழ் மாணவர்கள் பலர் கடன் வாழ்வைத் தொடங்குவது இவ்வழியில்தான். அங்கும் அவர்கள் பதிவே இல்லாதவர்களாகத்தான் இறங்குகிறார்கள். சில நூறு டாலரை முன்பணமாகக் கட்டி ஓர் அட்டை வாங்குகிறார்கள். ஆறு மாதங்கள் ஒழுங்காகச் செலுத்தினால் ஃபைகோ மதிப்பெண் பிறப்பதற்கான அடிப்படைத் தகுதி வந்துவிடுகிறது. அமெரிக்க முறை குறையற்றது என்று இதற்குப் பொருள் இல்லை. 1974இல் இயற்றப்பட்டு 1976இல் விரிவாக்கப்பட்ட அங்குள்ள சமக் கடன் வாய்ப்புச் சட்டம் பிறப்பு நாட்டைக் காரணமாக்கிக் கடன் மறுப்பதைத் தடை செய்கிறது. ஆயினும் குடியேற்ற நிலையைக் கருத்தில்கொள்ள வங்கிக்கு இடம் தருகிறது. குறை உள்ள முறையிலும் ஏறத் தொடங்குவதற்கு முதற்படி ஒன்று இருக்கிறது. தம் பிள்ளைகள் அங்கே எதை எதிர்பார்க்கிறார்களோ அதையே இங்கு வந்தவருக்குத் தருவது ஒரு நாட்டுக்குப் பெரிய சுமையாகாது.

ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் வெளியிட்ட கடன் அட்டை வழிமுறைகள் குடியுரிமையை அட்டைக்கான தகுதியாக வைக்கவில்லை. மாறாக, விண்ணப்பத்தை மறுத்தால் குறிப்பான காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றன. கேட்காதவருக்கு அட்டையை அனுப்பக் கூடாது என்றும் தடை விதித்தன. வேண்டாம் என்பவர் மீது அட்டையைத் திணிக்காதே என்று வங்கிகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கும் ஒரு நாட்டில், வேண்டும் என்று நிற்பவருக்குக் காரணம்கூடச் சொல்லப்படுவதில்லை. 'அக விதிகளின்படி இயலவில்லை' என்ற குறுஞ்செய்தி குறிப்பான காரணம் ஆகாது. பல படிவங்களில் இருப்பவை இரண்டே கட்டங்கள்: இந்தியாவில் குடியிருக்கும் இந்தியர், வெளிநாடுவாழ் இந்தியர். மூன்றாவது கட்டம் இல்லாததால் ஒருவர் மறுக்கப்படுகிறார் என்றால், அது இடரை மதிப்பிட்டுச் செய்த மறுப்பாகாது. அவரை மதிப்பிடவே இல்லை என்பதுதான் பொருள்.

இனி அந்த நால்வரிடம் வரலாம். அவர்கள் இந்தியக் குடிமக்கள். பெயர், ஆதார், பான் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. ஜேஆர்எஃப் பெறுபவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், எஸ்ஆர்எஃப் ஆனபின் 42,000 ரூபாய். இதே தொகையைச் சம்பளமாகப் பெறும் இளைஞர்களுக்கு வங்கிகளே தொலைபேசியில் அழைத்து அட்டை வேண்டுமா என்று கேட்கின்றன. ஆய்வாளருடையது சம்பளமன்று, உதவித்தொகை. கல்விச் செலவுக்கான உதவித்தொகைக்கு வருமான வரிச் சட்டத்தின் 10(16) பிரிவு விலக்கு அளித்ததால் படிவம் 16 கிடையாது. சம்பளச் சீட்டும் கிடையாது. வரிக்கணக்குத் தாக்கல் செய்யும் கட்டாயமும் பெரும்பாலோருக்கு இல்லை. உதவித்தொகையோ சில வேளைகளில் மாதக்கணக்கில் தாமதித்து ஒன்றாக வந்து சேரும். வங்கியின் கணினிக்கு அவர் வருமானம் அற்றவர். வீட்டில் தந்தைக்கு அட்டை இருந்தால் கூடுதல் அட்டை கிடைக்கும். தந்தை கூலித் தொழிலாளியாகவோ சிறு உழவராகவோ இருந்தால் அதுவும் இல்லை. ஆகவே இந்த ஏற்பாட்டில் 'வெளிநாட்டவர்' என்பது கடவுச்சீட்டின் நிறத்தை மட்டும் பொறுத்ததன்று. குடும்பத்தில் முதல் தலைமுறையாக ஆய்வுக்கு வந்தவரும் வங்கியின் படிவத்துக்கு அயலவரே.

பல்கலைக்கழகங்கள் இந்நிலையைக் கூடுதலாக இறுக்குகின்றன. மாநாட்டுச் செலவை முதலில் ஆய்வாளரே கட்ட வேண்டும். பிறகு ரசீதுகளைத் தந்தால், அலுவலகங்கள் பல கடந்து, மாதங்கள் பல கழித்து அத்தொகை திரும்பி வரும். இதைப் 'பயண உதவி' என்று சுற்றறிக்கைகள் குறிக்கின்றன. கணக்கியல் கண்ணால் பார்த்தால் ஆய்வாளர் நிறுவனத்துக்கு வட்டியில்லாக் கடன் தருகிறார். கடன் தரத் தகுதியானவர் என்று நிறுவனத்தால் கருதப்படுபவர், கடன் பெறத் தகுதியற்றவர் என்று வளாகத்திலேயே இருக்கும் வங்கிக் கிளையால் கருதப்படுகிறார். கிளைக்கும் நிர்வாகக் கட்டடத்துக்கும் இடையே பெரும்பாலும் சில நிமிட நடைதான்.

அந்தத் தூரத்துக்குள்ளேயே தீர்வும் இருக்கிறது. முதலாவது, பதிவுக் கட்டணத்தை நிறுவனமே நேரடியாகச் செலுத்த வேண்டும். வெளிநாட்டு இதழ்களுக்கான சந்தாவை நூலகம் அப்படித்தான் செலுத்துகிறது. ஒப்புதல் அளிக்கப்பட்ட மாநாட்டுக்கும் அதே வழியைத் திறக்கத் தனிச் சட்டம் தேவையில்லை. இரண்டாவது, பல்கலைக்கழகமும் வளாகக் கிளையும் ஓர் உடன்பாட்டுக்கு வரலாம்: ஆய்வாளர் எந்த நாட்டவராயினும் வைப்பின் பேரில் அட்டை, கால எல்லை விசாவையோ பதிவுக் காலத்தையோ பொறுத்தது, உதவித்தொகை ஆணை வருமானச் சான்றாக ஏற்கப்படும். வெளிநாட்டு மாணவர் அலுவலகம், சேர்ந்த முதல் வாரத்தில் பதிவு அலுவலகப் படிவங்களோடு இதற்கான படிவத்தையும் சேர்த்துக் கொடுக்கலாம். மூன்றாவது, மறுக்கப்பட்ட ஒவ்வொருவரும் காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். ஒருவர் கேட்டால் அது முறையீடு; ஒரு வளாகத்தின் ஆய்வாளர்கள் அனைவரும் கேட்டுப் பெற்ற கடிதங்கள் ஒரு கோப்பில் சேர்ந்தால் அது தரவு. தரவைத் திரட்டுவது ஆய்வாளர்களுக்குக் கைவந்த வேலை.

ஆங்கிலத்தின் 'கிரெடிட்' நம்புதல் என்னும் பொருளுடைய லத்தீன் வேரிலிருந்து வந்தது. தமிழின் 'கடன்' திருப்பித் தர வேண்டிய பொருளையும் குறிக்கும், செய்தே தீர வேண்டிய கடமையையும் குறிக்கும். நன்றிக்கடன், செஞ்சோற்றுக்கடன் என்ற சொற்களில் இரண்டும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன. நாட்டின் பெயரால் ஒருவரைப் படிக்க அழைத்தபோதே அழைத்தவர் பக்கத்திலும் ஒரு கடன் ஏறிவிட்டது. அதன் சிறு தவணையைச் செலுத்துவதற்குப் படிவத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம் போதும். அதுவரை விடுதியில் இரவு பதினொரு மணிக்குக் கதவுகள் தட்டப்பட்டுக்கொண்டேயிருக்கும். ஊரில் எவரோ ஒருவரின் தந்தை ஓடிபி சொல்வதற்காக எழுப்பப்பட்டுக்கொண்டேயிருப்பார்.